தையல் தடம் – 12: சுவருக்குப் போகும் முன்

குவில்ட் என்பது மூன்று அடுக்கு: ஒட்டுத்துணிகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சுப் படலம், கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல் அவற்றை ஒன்றாக்குகிறது. இதுவரை வந்த வாரங்களில் அந்தத் தையல் வரைக்கும் பார்த்துவிட்டோம். இனி அதன் பிறகு மிஞ்சும் வேலை. ஓரம் கட்ட வேண்டும், நனைத்து மட்டப்படுத்த வேண்டும், பின்புறத்தில் கம்பு நுழையக் குழல் தைக்க வேண்டும், பெயர்த்துண்டு வைக்க வேண்டும். கண்காட்சித் தேதி நெருங்க நெருங்க அலுப்போடும் அவசரத்தோடும் செய்து முடிக்கிற வேலைகள் இவை. விமர்சனங்களில் இவற்றுக்கு ஒரு வரி கிடைப்பதே அபூர்வம். ஆனால் கட்டிலில் கிடந்த துணியைச் சுவரில் நிற்கும் படைப்பாக மாற்றியது இந்த வேலைதான் என்பது என் வாதம். அப்படியென்றால் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கக் கூடாது. முதல் துண்டை வெட்டும்போதே திட்டத்தில் இருக்க வேண்டும். பார்ப்பவரும் எழுதுபவரும் இதில் கண் வைக்க வேண்டும்.

எடையிலிருந்து தொடங்குவோம். விரித்துப்போட்ட குவில்ட்டின் பாரத்தைக் கட்டில் முழுவதும் பகிர்ந்து தாங்குகிறது. அதையே சுவரில் மாட்டினால் மொத்தப் பாரமும் மேல்விளிம்பில் இறங்குகிறது. பெரிய குவில்ட் ஒன்று சில கிலோ கனக்கும். ஈரக்காற்றில் பருத்தி நீரை உறிஞ்சினால் இன்னும் கூடும். நாலு இடத்தில் வளையம் கோத்துத் தொங்கவிட்டால் அந்த நாலு இடத்திலும் நூல் இழுபடும், இடையில் துணி தொய்யும், நாளாக ஆக அங்கேதான் கிழிசல் தொடங்கும். தேரில் ஆடும் தொம்பையைத் தைப்பவர் தொங்கலை மனதில் வைத்தே துணியை வெட்டுகிறார். குவில்ட் அப்படிப் பிறந்ததல்ல; தொங்குவதற்கு அதைப் பழக்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் மேல்விளிம்பை ஒட்டி, அகலம் முழுவதும் ஓடும் அந்தக் குழல். அமெரிக்கக் கண்காட்சிகள் பெரும்பாலும் 4 அங்குலக் குழல் கேட்கின்றன. 9 அங்குல அகலத்தில் ஒரு பட்டையை வெட்டி, நீளவாக்கில் மடித்துத் தைத்தால் அந்த அளவு வரும். கம்பின் முனை முன்னால் எட்டிப் பார்க்காமலும் தாங்கியில் சரியாக உட்காரவும் இரு பக்கமும் ஓர் அங்குலம் விட்டு நிறுத்துவார்கள். கையால் தைக்கிற இந்தத் தையல் அடித்துணியையும் பஞ்சையும் மட்டும் பிடிக்க வேண்டும். மேல்துணியில் ஊசி ஏறக் கூடாது. இதில் ஒரு நுட்பமும் உண்டு. குழலின் வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத் தைக்க வேண்டும். கம்புக்கென்று ஒரு தடிமன் இருக்கிறது. அதற்குப் பின்னால் இடம் கொடுக்காவிட்டால் அது முன்பக்கமாகத் துருத்தும். குவில்ட்டின் தலைப்பகுதியில் குறுக்கே ஒரு புடைப்பு விழும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது. கோடுகள் நேராக இல்லை, படம் எங்கோ சரிகிறது என்று மட்டும் தோன்றும். பல மாதம் யோசித்து அமைத்த வண்ண ஒழுங்கு அரை அங்குலத் தளர்வு இல்லாததால் குலைந்துபோகும்.

மட்டமாகத் தொங்குவது குழலின் கையில் மட்டும் இல்லை. நெருக்கமாகத் தைத்த இடத்தில் துணி உள்ளிழுபட்டுச் சுருங்கும். தையல் குறைந்த இடத்தில் மிஞ்சி நிற்கும். நடுவில் ஒரு முகத்தையோ மரத்தையோ அடர்த்தியாகத் தைத்துவிட்டு ஓரத்தைச் சும்மா விட்டால், ஓரம் அலையலையாக எழும்பும். கட்டிலில் இது தெரியவே தெரியாது. சுவரில், பக்கவாட்டு வெளிச்சத்தில், ஒவ்வொரு அலைக்கும் ஒரு நிழல் விழும். நனைத்து, தரையில் விரித்து, நாலு மூலையும் செங்கோணமாக வரும்படி ஊசி குத்தி உலரவிட்டால் ஓரளவு சரியாகும். ஆனால் நனைப்பதிலேயே ஆபத்து இருக்கிறது. கருஞ்சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். பக்கத்தில் வெள்ளைத்துணி இருந்தால் அதோடு போயிற்று. பருத்திப் பஞ்சுப் படலமும் முதல் நனைப்பில் சில சதவீதம் சுருங்கும். ஓரப்பட்டையை இழுத்துப் பிடித்துத் தைத்தால் விளிம்பு உள்வாங்கும், தளரவிட்டால் விரியும். ஆக, இறுதி வாரத்தில் ஒருவர் எதிர்கொள்ளும் ஒவ்வொரு சிக்கலின் வேரும் ஆரம்ப நாட்களின் ஏதோ ஒரு முடிவில் இருக்கிறது. துணியை முன்கூட்டியே அலசிப் பார்த்தாரா, தையலின் அடர்த்தியை ஓரம்வரை ஒரே சீராகக் கொண்டுபோனாரா, சதுரப்படுத்தும்போது வெட்டிக் கழிக்கவென்று விளிம்பில் துணி விட்டுவைத்தாரா என்பதெல்லாம் அப்போதே தீர்மானமாகிவிடுகிறது.

அடுத்தது ஓரம். இங்கேதான் கைவினை நுட்பம் கலைமுடிவாக மாறுவதைத் தெளிவாகப் பார்க்கலாம். வழக்கமான முறை, இரண்டரை அங்குலப் பட்டையை இரட்டையாக மடித்து, முன்பக்கம் எந்திரத்தால் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங் செய்வது. அதிகம் தேய்கிற இடம் விளிம்பு என்பதால் அங்கே துணி இரட்டிப்பாகிறது. படுக்கை விரிப்புக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஆனால் சுவரில் அந்தப் பட்டை வேறொரு காரியத்தையும் செய்கிறது. படத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, இதோடு முடிந்தது என்று அறிவிக்கிறது. அந்தக் கோடு வேண்டாம் என்று நினைப்பவர்கள் உள்பட்டி கொடுத்துத் தைக்கிறார்கள். பட்டையை முகத்தோடு முகம் வைத்து விளிம்பில் தைத்து, முழுவதையும் பின்னால் திருப்பிவிட்டால் முன்புறம் பட்டையின் சுவடே தெரியாது. வானமோ வயலோ கோடுகளோ துணி முடிகிற இடம் வரை ஓடி, அதைத் தாண்டியும் போவதாக ஓர் எண்ணத்தைத் தரும். இன்றைய கலைக் குவில்ட்டுகளில் இந்த முறையை அதிகம் காண முடிகிறது. ஒரே மேல்துணியைக் கறுப்புப் பட்டை கட்டியும் உள்பட்டி கொடுத்தும் முடித்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு படங்கள். முதலாவதில் நாம் ஒரு பொருளைப் பார்க்கிறோம், இரண்டாவதில் ஒரு வெளிக்குள் பார்க்கிறோம். இந்தத் தேர்வைத் தையல்காரரின் பழக்கத்துக்கு விட்டுவிடுகிற ஓவியர் தன் படத்தின் எல்லையை வேறொருவர் வரைய விடுகிறார்.

ஓரத்திலிருந்தே ஒரு பெரிய கலைவாழ்க்கை கிளைத்ததற்கு ஃபெய்த் ரிங்கோல்ட் சான்று. 1930இல் ஹார்லமில் பிறந்த இவர் பயிற்சியால் ஓவியர். 1972இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் திபெத்தியத் தங்காக்களைப் பார்த்தார். தங்கா என்பது துணியில் தீட்டிய படம். அதைச் சுற்றிப் பட்டுத்துணிச் சட்டம், சுருட்டி எடுத்துப் போகலாம். மரச்சட்டம் போட்ட கனமான படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோவதன் செலவும் பாடும் அறிந்த ஒரு கறுப்பினப் பெண் ஓவியருக்கு அந்தத் துணிச்சட்டம் ஒரு விடுதலையாகப் பட்டதில் வியப்பில்லை. ஆடை வடிவமைப்பாளரான அவருடைய தாய் வில்லி போஸி அந்தத் துணிச்சட்டங்களைத் தைத்துக் கொடுத்தார். 1980இல் இருவரும் சேர்ந்து ‘எக்கோஸ் ஆஃப் ஹார்லம்’ என்ற முதல் குவில்ட்டை உருவாக்கினார்கள். 1983இல் கதைக் குவில்ட்டுகள் தொடங்கின. தன் வாழ்க்கைக் கதையை வெளியிடப் பதிப்பாளர் கிடைக்காமலிருந்த ரிங்கோல்ட், எழுத்தைத் துணிமேல் ஏற்றினார். 1988இல் செய்த ‘டார் பீச்’ இன்று நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹார்லம் மொட்டைமாடியில் கோடை இரவு. ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு மேலே பறக்கும் சிறுமி கேஸி. நடுப்படம் அக்ரிலிக் வண்ணத்தில் தீட்டியது. சுற்றிலும் பூப்போட்ட துணித்துண்டுகளின் கரை. கதை எழுதியிருப்பது மேலும் கீழும் ஓடும் பட்டைகளில். அந்த விளிம்பைக் கத்தரித்துவிட்டால் கதையே போய்விடும். பிறகு அது ஓர் அழகான ஓவியமாக மட்டும் மிஞ்சும்.

இந்த இடத்தில் வலுவான ஒரு மறுப்பு எழும். குவில்ட்டைக் கலையாக உலகம் ஏற்றுக்கொண்டது இந்த ஓர வேலைகளைப் பார்த்தா? 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெய்ல் வான் டெர் ஹூஃபும் தாங்கள் சேகரித்த குவில்ட்டுகளைக் காட்சிக்கு வைத்தார்கள். அந்தக் கண்காட்சி அமெரிக்கக் குவில்ட்டுகளின் அருவ வடிவமைப்பைத் தன் தலைப்பிலேயே வைத்திருந்தது. கைத்தையலின் நேர்த்தியை அளவுகோலாக வைக்கவில்லை. கண்ணுக்குக் கிடைக்கும் வடிவ வலிமையைப் பார்த்துத் தேர்ந்தார்கள். வெள்ளைச் சுவரில் நவீன ஓவியங்களை மாட்டுவதுபோல மாட்டினார்கள். பார்த்தவர்கள் அருவ ஓவியர்களின் நினைவோடு பார்த்தார்கள், செய்தித்தாள்கள் பாராட்டின. அந்த வெற்றிக்குக் காரணம் மேல்துணியின் வண்ணமும் வடிவமும்தானே, எம்மிங் எத்தனை நேர்த்தி என்றா யாராவது குனிந்து பார்த்தார்கள் என்று கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கண்காட்சியே என் பக்கத்துக்கும் சாட்சி. கட்டிலுக்கென்று தைத்த அந்தத் துணிகள் சுவரில் ஒரே மட்டமாக, தொய்வில்லாமல் நின்றதால்தான் அவற்றை ஓவியம்போலப் பார்க்க முடிந்தது. நன்றாகச் செய்த மாட்டும் வேலை கண்ணில் படாது. படாததாலேயே அது இல்லையென்று எண்ணிவிடுகிறோம். மாட்டிய முறை இன்னொன்றையும் தீர்மானித்தது. பின்புறம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அடித்துணி எந்தப் பழந்துணி, மாவு மூட்டைச் சாக்கா, தையலின் கணக்கு என்ன, மூலையில் யாராவது பெயர் தைத்திருக்கிறாரா என்று பார்க்கும் வழி அடைபட்டது. அந்தக் குவில்ட்டுகளில் பெரும்பாலானவற்றைச் செய்த பெண்களின் பெயர்கள் காட்சியில் இல்லை. எல்லாப் பெயரையும் கண்டுபிடித்திருக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. சந்தையில் கைமாறி வந்த பொருளுக்குப் பெயர் கிடைப்பது கடினம். ஆனால் 1973இல் பெண்ணியக் கலை இதழ் ஒன்றில் பட்ரீஷியா மைனார்டி எழுதிய கட்டுரை இந்தப் பார்வையை நேருக்கு நேர் எதிர்த்தது. குவில்ட் செய்த பெண்கள் தங்களைக் கலைஞர்களாக அறிந்தே செய்தார்கள், பலர் பெயரும் ஆண்டும் தைத்தே வைத்தார்கள் என்று அவர் வாதிட்டார். ஓவியத்தோடு ஒப்பிட்டுப் புகழ்வது போதாது, அந்தப் பெண்களின் மரபை அதன் சொந்தக் கணக்கில் எண்ண வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அந்தக் கோரிக்கை இன்றும் முழுதாக நிறைவேறவில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. முடிப்பு வேலைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தால் எல்லாம் நேர்க்கோடும் செங்கோணமுமாகிவிடாதா? உயிருள்ள துணி கடைப்பொருள்போல ஆகிவிடாதா? அலபாமா ஆற்றின் வளைவில் இருக்கும் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் குவில்ட்டுகளை இதற்கு உதாரணம் காட்டுவார்கள், காட்டுவது சரிதான். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் அந்த ஊரில், பெண்கள் உடுத்துத் தேய்ந்த வேலைத்துணிகளை வெட்டிக் குவில்ட் தைத்தார்கள். குளிர் நுழையும் வீடுகளுக்குக் கதகதப்பு வேண்டியிருந்தது. ஜீன்ஸ் பாண்டிலிருந்து பையைப் பிரித்தெடுத்த இடம் வெளுக்காமல் கருநீலமாக நிற்கும். அந்தத் தழும்பே ஒரு வடிவமாகிவிடும். 1942இல் மிசூரி பெட்வே, இறந்துபோன கணவரின் வேலையுடைகளை வெட்டி ஒரு குவில்ட் தைத்தார். அவர் நினைவைப் போர்த்திக்கொள்ள விரும்பினார் என்று மகள் ஆர்லான்சியா பின்னாளில் சொன்னார். அன்னி மே யங்கின் குவில்ட் ஒன்று, விறகுக் குவியல்மேல் விரித்திருந்த நிலையில் ஒரு புகைப்படத்தில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் சேகரிப்பாளர் வில்லியம் ஆர்னெட் அந்த ஊரைத் தேடிப் போனார். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு விட்னியிலும் அந்தக் குவில்ட்டுகள் தொங்கின. பலவற்றின் ஓரம் நேராக இல்லை. ஒரு பக்கம் நீளும், ஒரு மூலை ஒதுங்கும். அந்தக் கோணலைச் சதுரப்படுத்தியிருந்தால் அது வன்முறை. இதில் மறுப்பவரோடு எனக்கு ஒரு துளியும் வேறுபாடு இல்லை.

ஆனால் கோணலான ஓரத்தைக் கோணலாகவே சுவரில் நிறுத்துவதற்குத் தேவைப்படும் வேலையைக் கணக்கில் எடுக்க வேண்டும். மேல்விளிம்பே சாய்வாக இருக்கும் துணியில் குழலை விளிம்பை ஒட்டித் தைத்தால், கம்பு மட்டமாக நிற்கும், துணி முழுவதும் சுருக்கம் விழும். குழலையோ பட்டையையோ துணியின் நூலோட்டத்தைப் பார்த்து வைக்க வேண்டும். பழைய, நைந்த துணியில் நேரடியாகத் தைக்கவும் கூடாது. அருங்காட்சியகங்களில் பருத்தி நாடாவில் வெல்க்ரோவின் மெத்தென்ற பாதியைத் தைத்து, அந்த நாடாவைத் துணியின் பின்புறத்தில் கைத்தையலால் இணைத்து, கொக்கிப் பாதியை மரச்சட்டத்தில் பொருத்துவார்கள். பாரம் அங்குலம் அங்குலமாகப் பரவும். மாட்டிய பின்னும் ஒட்டிய இடத்தைப் பெயர்த்துச் சற்றே ஏற்றி இறக்கலாம். துணி எப்படி விழ விரும்புகிறதோ அப்படி விழ விடலாம். என்றைக்காவது தையலைப் பிரித்தால் துணி பழையபடி கிடைக்க வேண்டும் என்பது இதில் மாறாத விதி. தொங்கவே முடியாத அளவு நைந்தவற்றைச் சாய்பலகையில் கிடத்துவார்கள். வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குக் குறைப்பார்கள், ஏனென்றால் சாயத்துக்கு வரும் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பாது. இவ்வளவும் கோணலைக் காப்பதற்காக. முடிப்பு வேலை என்றால் நேராக்குவது என்று யார் சொன்னது? படைப்பு எங்கே முடிகிறது என்று அதைச் செய்தவர் எடுத்த முடிவைச் சுவரிலும் செல்லுபடியாக்குவதுதான் அந்த வேலை. பிசிர் விட்ட விளிம்பையே வேண்டுமென்று வைக்கும் இன்றைய கலைஞர்களுக்கும் இது பொருந்தும். விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு தையல் ஓட்டினால் பிசிர் அந்த இடத்தோடு நிற்கும். ஓட்டாவிட்டால் ஒவ்வொரு முறை சுருட்டி விரிக்கும்போதும் படைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

ஓரம் என்றாலே கடைசி என்ற எண்ணமும் எல்லா ஊருக்கும் பொதுவானதல்ல. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் எல்லாபூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் வாழும் சித்தியர்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்களுடைய பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணி விரிப்புக்குக் கவந்தி என்று பெயர். பழைய புடவையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை மடித்துத் தைத்தபடி சுற்றி வருகிறார்கள். துண்டுகளை வைத்து வைத்து, ஓட்டுத் தையலில் சுற்றுச் சுற்றாக உள்நோக்கிப் போய், நடுவில் முடிக்கிறார்கள். ஓரம் அங்கே முதல் வேலை. நாலு மூலையிலும் மடித்த முக்கோணத் துண்டுகளை வைப்பார்கள். அவற்றுக்குப் பூ என்ற பொருளில் ‘புலா’ என்று பெயர். அது இல்லாத கவந்தியை அம்மணமாக இருக்கிறது என்பார்கள். பயன்பாட்டுக்கு அந்த மூலைத்துண்டு தேவையே இல்லை. குளிரை அது தடுப்பதில்லை. இருந்தும் அது இல்லாமல் வேலை முடிந்ததாக அந்தப் பெண்கள் ஒப்புக்கொள்வதில்லை. சுவரில் மாட்டும் எண்ணமே இல்லாத ஒரு மரபும் முடிப்பைத் தன் இலக்கணத்துக்குள் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. கண்காட்சிக்காரர்கள் திணித்த சடங்கு இது என்று சொல்பவர்களுக்கும் இதுவே பதில்.

கண்காட்சியின் தேவையே முடிப்பு வேலையை மகத்தான வடிவமைப்பாக்கிய கதை ஒன்று உண்டு. எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளீவ் ஜோன்ஸ் தொடங்கிய நினைவுக் குவில்ட் அது. ஒவ்வொருவருக்கும் 3 அடிக்கு 6 அடியில் ஒரு துணி. ஏறத்தாழ ஒரு கல்லறையின் அளவு. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் நேஷனல் மால் புல்வெளியில் 1,920 துணிகளை விரித்தார்கள். இன்று அவை ஏறத்தாழ 50,000. மொத்த எடை 54 டன். தாய்மார்களும் நண்பர்களும் காதலர்களும் செய்தவை. பலர் அதற்கு முன் ஊசி பிடித்தறியாதவர்கள். ஜீன்ஸ், கரடிபொம்மை, மயிலிறகு, புகைப்படம், பொத்தான் என்று எதையெல்லாமோ அதில் வைத்தார்கள். அவ்வளவு வேறுபட்ட கைகளை ஒரே படைப்பாக்கியது ஓர வேலை. நெகிழாத, நடுத்தரக் கனமுள்ள துணியில் செய்யுங்கள், மடித்துத் தைக்க நாலு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக விடுங்கள், பசை விட்டுப்போகும் என்பதால் தைத்து அனுப்புங்கள் என்று அமைப்பினர் கேட்டுக்கொண்டார்கள். வந்த துணிகளை எட்டெட்டாக இணைத்து 12 அடிச் சதுரமாக்கி, சுற்றிலும் கான்வாஸ் ஓரம் கட்டி, உலோக வளையம் அடித்தார்கள். அந்த வளையத்தால் ஒரு சதுரத்தை இன்னொன்றோடு கோக்கலாம், சுவரில் ஏற்றலாம், தரையில் விரிக்கலாம், மறுநாள் மடித்து வேறு ஊருக்கு அனுப்பலாம். தொடக்க காலம் முதல் பல பத்தாண்டுகள் இந்தத் துணிகளைத் தைத்தும் பழுதுபார்த்தும் வந்தவர் கெர்ட் மக்மல்லின். உள்ளே இருக்கும் துக்கத்தில் ஒரு நூலைக்கூட மாற்றாமல், வெளி ஓரத்தை மட்டும் பொதுவாக்கியதால்தான் 1,920 தனித்தனித் துக்கங்கள் ஒரு தேசத்தின் தலைநகரில் ஒரே கேள்வியாக விரிய முடிந்தது. இதை வெறும் தையல் வேலை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

விதிகளைப் பற்றிய குறையும் கேட்கிறது. 4 அங்குலக் குழல், இத்தனை அங்குலத்துக்குள் பெயர்த்துண்டு என்று அமைப்பாளர்கள் கட்டளையிட்டால் கலைஞரின் சுதந்திரம் என்னாவது என்கிறார்கள். ஓஹையோ மாநிலத்து ஏதன்ஸ் ஊரில், இடிபடவிருந்த ஒரு மாட்டுத்தொழுவத்தை மீட்டுக் கலைக்கூடமாக்கினார்கள். அங்கே 1979இல் நான்சி க்ரோவும் அவருடைய தோழிகளும் தொடங்கிய குவில்ட் நேஷனல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. படுக்கைக் குவில்ட் போட்டிகளில் இடம் கிடைக்காத புதிய முயற்சிகளுக்கென்றே பிறந்த கண்காட்சி அது. அங்கே குவில்ட்டுக்குச் சொல்லும் இலக்கணம் அடிப்படையில் அடுக்குகளும் அவற்றை ஊடுருவும் தையலும்தான். ஓரம் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த இலக்கணம் கட்டுப்படுத்துவதில்லை. கம்பும் தாங்கியும் ஒரே அளவில் இருப்பது நூறு படைப்புகளைச் சில நாளில் பாதுகாப்பாக மாட்டுவதற்கு. அது பின்புறத்தின் விதி, முன்புறத்தைத் தொடுவதில்லை. வட்டமாகவோ ஓட்டைகளோடோ ஒரு துணியைச் செய்பவர் தன் மாட்டும் முறையைத் தானே வடிவமைத்து அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். முன்புறத்தில் எல்லையற்ற சுதந்திரம் எடுத்துக்கொண்டு, பின்புறத்தை மாட்டுகிறவர் தலையில் கட்டுவது நியாயமாகாது.

நேரம் இல்லை என்பதுதான் இருப்பதிலேயே உண்மையான மறுப்பு. ஓரம் முழுவதும் கையால் எம்மிங் செய்து, குழலைத் தைத்து, நனைத்து உலர்த்தி, பூனைமுடியும் நூல்பிசிரும் எடுத்து, சுருட்டும் குழாயில் முகம் வெளிப்பக்கமாக வரும்படி சுற்றி அனுப்பப் பல நாள் ஆகும். இன்னொரு படைப்பைத் தொடங்கியிருக்கலாமே என்று கை துடிக்கும். ஒரு கண்காட்சிக்கு ஐந்து துணி செய்யத் திட்டமிட்டு ஐந்தையும் அரைகுறையாக அனுப்புவதைவிட, மூன்றை முழுதாக அனுப்பலாம் என்பேன். ஆறு அடித் துணி நாலு மாதம் தொங்கப்போகிறது. அவசரத்தில் விட்ட தையல் அந்த நாலு மாதமும் தன் எடையாலேயே பிரிந்துகொண்டிருக்கும்.

எல்லாவற்றிலும் சுலபமானதும் அதிகம் தவறவிடப்படுவதும் பெயர்த்துண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், விவிலியக் கதைகளை ஒட்டுத்துணியில் படங்களாகத் தைத்தார். 1886இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் விலைக்குக் கேட்டார்; பவர்ஸ் மறுத்துவிட்டார். சில ஆண்டு கழித்து வறுமை நெருக்கியபோது 5 டாலருக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அதைப் பார்த்துவர அந்த வீட்டுக்குப் போனார். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல ஸ்மித் எழுதி வைத்தார். இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் குவில்ட்டை அதைச் செய்தவரின் விளக்கத்தோடு நம்மால் பார்க்க முடிவது அந்தக் காகிதத்தால்தான். காகிதம் தொலைந்திருந்தால் பவர்ஸும் விட்னி சுவரில் தொங்கிய பெயரற்ற பெண்களில் ஒருவராகியிருப்பார். ஒரு சாண் துணியில் பெயர், ஊர், ஆண்டு, துணி எதனால் ஆனது, எப்படி அலச வேண்டும் என்று அழியாத மையில் எழுதிப் பின்புறக் கீழ்மூலையில் தைத்துவிட ஒரு மணி நேரம் போதும். இன்னும் உறுதியான வழி, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்கு முன்பே அடித்துணியில் அந்தத் துண்டைப் பொருத்திவிடுவது. குவில்ட் தையல் அதன்மேலும் ஓடும். பிறகு யாராவது பெயரை அகற்ற நினைத்தால் குவில்ட்டின் தையலையே பிரித்தாக வேண்டும். மேல்துணியை ஒருவர் இணைத்து, எந்திரத்தில் இன்னொருவர் தைத்திருந்தால் பல கண்காட்சிகள் இரண்டு பெயரையும் இப்போது கேட்டு வாங்குகின்றன. ஓரம் கட்டியவர் மூன்றாவது ஆளாக இருந்தால் அவர் பெயரையும் அந்தத் துண்டில் சேர்க்க வேண்டும், காட்சிக்கூடத்தின் பெயர்ப்பலகையிலும் அச்சிட வேண்டும் என்று கேட்கிறேன். வில்லி போஸி தைத்துக் கொடுத்த துணிச்சட்டங்கள் இல்லாமல் ரிங்கோல்டின் அந்தக் காலப் படங்கள் எதுவும் சுருண்டு பெட்டியேறி ஊர் ஊராகப் போயிருக்காது.

(தொடரும்)